அப்போது கேட்காத காகிதத்தை இப்போது ஏன் கேட்கிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2020 மே மாதம் அவருக்கு 67 வயது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது போனிலேயே மெடிக்கெய்டுக்கு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு, விண்ணப்பித்தீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை, நேரில் வரச் சொல்லவில்லை, மூன்று வாரத்தில் அட்டை வந்துவிட்டது. அதன்பின் மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2023 கோடையில் வந்த புதுப்பித்தல் படிவம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டது, காப்பீடு நின்றது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கப் போனால் கணக்கு வழக்கு எல்லாம் கேட்கிறார்கள். "அன்றைக்கு எங்களுக்கு விதியை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை அலுவலகம் தெரியாமல் கொடுத்துவிட்டதா? பழைய மருத்துவச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா?" இதுதானே உங்கள் கவலை?

அலுவலகம் தவறு செய்யவில்லை. நீங்களும் தவறு செய்யவில்லை. ஆனால் விதி மாறியது என்று நீங்கள் புரிந்துகொண்டதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. யாருக்கு மெடிக்கெய்டு கிடைக்கும் என்ற தகுதி அன்றைக்கும் ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. அந்தத் தகுதியை எப்போது, எப்படிக் காட்ட வேண்டும் என்பதுதான் மாறியது. காகிதம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த "அப்புறம்" மூன்று வருடம் நீண்டதில் பெரும்பாலோர் அதை மறந்துவிட்டார்கள்.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒரு சமூக நலக் கிளினிக்கில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் உதவியாளராகப் பல வருடம் இருந்தேன், கொரோனா காலம் முழுக்க. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 ஜனவரி 31 அன்று, அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் அலெக்ஸ் அசார் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தார். ஜனவரி 27 முதலே அமலில் இருப்பதாகக் கணக்கு. இந்த அறிவிப்புக்கு ஆயுள் 90 நாள்தான், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். மார்ச் 13 அன்று அதிபர் தேசிய அவசரநிலையை அறிவித்தார். இரண்டும் ஒருசேர இருந்தால்தான் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1135-ஆம் பிரிவு உயிர் பெறும். மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்டு விதிகள் சிலவற்றைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. கூடவே, மாநிலங்கள் தங்கள் மெடிக்கெய்டு திட்ட ஆவணத்தில் 'பேரிடர் காலத் திருத்தம்' என்று ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். அதற்கான படிவத்தை, மெடிக்கெய்டை நிர்வகிக்கும் மத்திய அமைப்பான சி.எம்.எஸ். தயாராகவே கொடுத்தது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பது மாநிலத்தின் இஷ்டம். அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு நடந்தது பக்கத்து மாநிலத்தில் இருக்கும் உங்கள் மச்சானின் அம்மாவுக்கு நடக்கவில்லை.

சாதாரண நாளில் என்ன நடக்கும்? விண்ணப்பம் போட்டால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், உடல் ஊனத்தின் அடிப்படையில் என்றால் 90 நாள். அதற்குள் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக் கடிதம் வரும். பத்து நாளில் பதில் வரவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டு, பதினோராவது நாள் உங்கள் காகிதம் வந்து சேர்ந்ததாக இன்னொரு கடிதம் அனுப்பும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரநிலையில் இதில் மூன்று நான்கு இடங்களில் திருகாணியைத் தளர்த்தினார்கள். முதலாவதும் முக்கியமானதும் சுய உறுதிமொழி. வருமானம், சொத்து, வீட்டில் எத்தனை பேர், எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பதையெல்லாம் விண்ணப்பதாரர் வாயால் சொன்னாலே போதும், காப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம். ஒரே ஒரு விலக்கு, குடியுரிமையும் குடியேற்ற நிலையும். அதை வாய்ச்சொல்லில் ஏற்கக்கூடாது. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் பதிவோடும் குடியேற்றத் துறையின் பதிவோடும் கணினியில் ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பீடு பொருந்தவில்லை என்றாலும் உடனே மறுக்கக்கூடாது, காப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆவணம் தர 90 நாள் அவகாசம் தர வேண்டும். இது எப்போதும் உள்ள விதி. கொரோனாவில் ஆவணம் தேடி அலைந்துகொண்டிருந்த குடியேறியவர்களுக்கு அந்த 90 நாளையும் நீட்டிக்க மாநிலங்களால் முடிந்தது. பாஸ்போர்ட் அலுவலகமே பூட்டிக் கிடந்த நேரம் அது.

சுய உறுதிமொழி ஒன்றும் கொரோனாவுக்காகக் கண்டுபிடித்த புது மருந்து அல்ல. குடியுரிமை நீங்கலாகப் பெரும்பாலான விஷயங்களில் விண்ணப்பதாரர் சொல்வதை ஏற்றுக்கொள்ள மாநிலங்களுக்கு விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே அனுமதி இருந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அவசரநிலை செய்த பெரிய காரியம் புதுக் கதவு வைத்தது அல்ல, இருந்த கதவைத் திறந்துவிட்டது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க் நகரத்தில் மெடிக்கெய்டு கணினி இணைப்புகள் துண்டித்துப்போயின. வழக்கமான நீண்ட விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழியே இல்லை. அதனால் ஒரே ஒரு பக்கப் படிவம், சொல்வதை நம்பி நான்கு மாதக் காப்பீடு என்று ஒரு தற்காலிகத் திட்டம் வந்தது. சில மாதங்களில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பே தகுதி இருந்தும் காகிதத்துக்குப் பயந்து ஒதுங்கி இருந்தவர்கள். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, வீட்டோடு ஆவணத்தையும் இழந்து டெக்சாஸ் போன்ற மாநிலங்களுக்கு ஓடி வந்தவர்களுக்கும் இதே மாதிரி சொல்வதை நம்பி ஐந்து மாதம் வரை கொடுத்தார்கள்.

சரி, 2020-க்கு வருவோம். இரண்டாவது தளர்வு, போனில் கையெழுத்து. போன் வழியாக விண்ணப்பம் வாங்க வேண்டும் என்பது 2014 முதலே விதி, ஆனால் பல கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகங்கள் "கையெழுத்துக்கு நேரில் வாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. அலுவலகமே மூடிய பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த மே மாதம் ஒரு பெரியம்மாவுக்கு விண்ணப்பம் போட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் என் வீட்டுச் சமையலறையில், அவர் அவர் வீட்டில், அலுவலர் எங்கேயோ, நான்காவதாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர். 52 நிமிடம் காத்திருப்பு இசை கேட்ட பிறகுதான் ஆள் வந்தார். கேள்விகள் முடிந்து, "மேலே சொன்னது அனைத்தும் உண்மை, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுவேன்" என்ற நீளமான வாசகத்தை வாசித்தார்கள். ஒலிப்பதிவு ஓடுகிறது. இதற்கு 'எஸ்' என்று சொல்ல வேண்டும், அதுதான் கையெழுத்து. பெரியம்மா நிதானமாக, "சொன்னேனே, நான் ஏன்ப்பா பொய் சொல்லப் போறேன்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அலுவலர் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். மூன்றாவது தடவையில்தான் அந்த ஒற்றைச் சொல் விழுந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் தந்தே ஆக வேண்டும். பலருக்கு இது தெரியாமல், பள்ளிக்கூடம் போகும் பேரனைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள்.

மூன்றாவது, மருத்துவமனையே பூர்வாங்கமாகத் தகுதியைக் கணித்துத் தற்காலிகக் காப்பீடு கொடுப்பது. இதுவும் 2014 முதல் இருக்கும் ஏற்பாடுதான், ஆனால் பெரும்பாலும் குழந்தைகள், கர்ப்பிணிகள், இளவயதினருக்கு. அவசரநிலையில் முதியோர், ஊனமுற்றோர் பிரிவுக்கும் சில மாநிலங்கள் விரித்தன. மற்றவை சின்னச் சின்ன மாற்றங்கள். 45 நாள் கெடுவைத் தாண்டினாலும் அலுவலகத்தின் மேல் குற்றமில்லை என்றானது. முடிவை எதிர்த்து விசாரணை கேட்கும் அவகாசம் பல மாநிலங்களில் 120 நாள் வரை கூடியது. மாதக் கட்டணம் வசூலித்த மாநிலங்கள் பல அதை நிறுத்தின. ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. 2020 மார்ச் கடைசியில் இந்தியாவுக்கான விமானங்கள் நின்றபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போன எத்தனையோ பெற்றோர் சென்னையிலும் திருச்சியிலும் சிக்கிக்கொண்டார்கள். பேரிடரால் வெளியே இருப்பவர், திரும்பி வரும் எண்ணம் உள்ளவர் என்றால் அவரை மாநிலவாசியாகவே வைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் இருந்தது. அங்கே பார்த்த வைத்தியத்துக்கு மெடிக்கெய்டு ஒரு பைசா தராது, அது வேறு விஷயம். ஆனால் திரும்பியதும் அட்டை உயிரோடு இருந்தது.

வேலை இழந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கு இருந்தது. அரசு வாராவாரம் கூடுதலாகக் கொடுத்த 600 டாலர் வேலையிழப்புத் தொகை மெடிக்கெய்டு வருமானக் கணக்கில் சேராது. ஆனால் அதே 600 டாலர், தனியார் காப்பீட்டை அரசு மானியத்தோடு வாங்கும் ஒபாமாகேர் சந்தையில் மானியம் கணக்கிடும்போது சேரும். மாநிலம் வழக்கமாகத் தரும் வேலையிழப்புத் தொகையோ இரண்டிலும் சேரும். ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வருமானம். அந்த வருடம் மெடிக்கெய்டு விரிவாக்க மாநிலங்களில், அதாவது 65 வயதுக்குட்பட்ட குறைந்த வருமானப் பெரியவர்களுக்கும் மெடிக்கெய்டைத் திறந்துவிட்ட மாநிலங்களில், தனிநபருக்கு வரம்பு ஆண்டுக்கு 17,609 டாலர், வறுமைக்கோட்டின் 138 சதவீதம். அந்த 600-ஐச் சேர்த்து எழுதித் தாங்களாகவே தகுதி இழந்தவர்கள் நிறைய. விண்ணப்பத்தில் உண்மை சொல்கிறோம் என்ற நினைப்பில் கூடுதலாகச் சொல்லிவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே நுழையும் வாசல். உங்கள் அம்மாவின் கதையில் முக்கியமானது வெளியே அனுப்பும் வாசல். 2020 மார்ச் 18 அன்று கையெழுத்தான குடும்பங்களுக்கான கொரோனா நிவாரணச் சட்டம் மாநிலங்களிடம் ஒரு பேரம் பேசியது. மெடிக்கெய்டு செலவில் மத்திய அரசின் பங்கை 6.2 சதவீதப் புள்ளி உயர்த்தித் தருகிறோம். பாதிக்குப் பாதி போடும் நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலத்துக்கு அது 56.2 ஆகும். பதிலுக்கு, அன்றைக்கு உள்ளே இருப்பவரையும் இனி வருபவரையும் அவசரநிலை முடியும்வரை வெளியேற்றக்கூடாது. 2020 ஜனவரி 1-ல் இருந்ததைவிடத் தகுதி விதியைக் கடினமாக்கவும் கூடாது. வெளியேற மூன்றே வழிகள்: இறந்துபோவது, மாநிலம் மாறுவது, நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. எல்லா மாநிலமும் பணத்தை வாங்கிக்கொண்டது. வருமானம் ஏறினாலும் காப்பீடு போகவில்லை, புதுப்பித்தல் படிவத்தைக் குப்பையில் போட்டாலும் போகவில்லை.

இங்கேதான் மக்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் மெடிக்கெய்டு கவரைப் பிரிக்காமலே காலம் ஓடியது. வீடு மாறினார்கள், முகவரி சொல்லவில்லை. சில மாநிலங்கள் படிவம் அனுப்புவதையே நிறுத்தியிருந்தன. அவசரநிலையை முடிக்கும் முன் மாநிலங்களுக்கு 60 நாள் முன்கூட்டியே சொல்வோம் என்று வாஷிங்டன் வாக்குக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு 90 நாள் சுற்றிலும் அந்த அறிவிப்பு வருகிறதா என்று நாங்கள் காலண்டரைப் பார்ப்போம். வராது. இன்னும் மூன்று மாதம் கூடியது என்று அர்த்தம்.

2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான செலவினச் சட்டம் இந்தப் பிணைப்பை அறுத்தது. அவசரநிலை முடிகிறதோ இல்லையோ, தொடர் காப்பீடு 2023 மார்ச் 31-ஓடு சரி என்றது. அவசரநிலை மே 11 வரை ஓடியது, ஆனால் ஏப்ரல் 1 முதலே அரிசோனா, ஆர்க்கன்சா, ஐடஹோ, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா ஆகிய ஐந்து மாநிலங்கள் பெயர் நீக்க ஆரம்பித்துவிட்டன. 2020 தொடக்கத்தில் 7 கோடியைத் தாண்டி இருந்த மெடிக்கெய்டு, குழந்தைகள் காப்பீட்டு எண்ணிக்கை அப்போது 9 கோடியைத் தாண்டியிருந்தது. அத்தனை பேரையும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். முடிவில் 2.5 கோடிக்கு மேல் வெளியே போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் தகுதி இல்லை என்று நிரூபணமாகி வெளியேறியவர்கள் அல்ல. படிவம் வரவில்லை, பாதி நிரப்பினார், கையெழுத்து இல்லை, இந்த ரகம். உங்கள் அம்மா இந்தக் கணக்கில்தான் வருகிறார். குழந்தைகளும் இதில் மாட்டினார்கள். பெற்றோருக்குத் தகுதி இல்லை என்றதும் கணினி வீட்டையே மொத்தமாகத் தள்ளிய மாநிலங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வருமான வரம்பு கூடுதல் என்பதைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை. 2023 செப்டம்பரில் சி.எம்.எஸ். அதைக் கண்டுபிடித்து, ஏறக்குறைய 5 லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பித் தர வைத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். 2020-ல் தெரிந்த உண்மையைச் சொல்லி வாங்கினீர்கள். அதன்பின் வருமானமோ சேமிப்போ கூடியிருந்தாலும், அந்த மூன்று வருடமும் அவரை வைத்திருக்கச் சட்டமே சொன்னது. அந்த மாதங்களுக்கு நீங்கள் குற்றவாளி இல்லை. தெரிந்தே பொய் சொன்னவர்கள் கதை வேறு. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, 55 வயதுக்கு மேற்பட்டவர் இறந்தபின் நர்சிங் ஹோம், வீட்டுப் பராமரிப்பு போன்ற செலவை அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து மாநிலம் கேட்பது. அது 1993 சட்டத்திலிருந்து வருவது, கொரோனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி என்னை நிறுத்தியது. அம்மாவின் பெயரைச் 'சும்மா ஒரு வசதிக்காக' உங்கள் சேமிப்புக் கணக்கில் சேர்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நம் வீடுகளில் இது சாதாரணம். மெடிக்கெய்டில் அது சாதாரணம் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சொத்து வரம்பு உண்டு, பல மாநிலங்களில் தனிநபருக்கு 2,000 டாலர்தான், சில மாநிலங்களில் கூடுதல். கூட்டுக் கணக்கில் இருக்கும் பணம் முழுவதும் விண்ணப்பதாரருடையது என்றுதான் பொதுவாக முதலில் எடுத்துக்கொள்வார்கள். என்னுடையது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. 2020-ல் "அம்மா கணக்கில் 900 டாலர்" என்று சொன்னது போதுமானதாக இருந்தது. இன்றைக்கு அலுவலகம் சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து வங்கிகளிடம் மின்னணு முறையில் நேரடியாகக் கேட்கும், கூட்டுக் கணக்கும் சேர்ந்தே எட்டிப் பார்க்கும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தக் கணக்கில் போட்டதெல்லாம் உங்கள் சம்பளம்தான் என்று காட்டும் ஸ்டேட்மென்ட்களை எடுத்து வையுங்கள். அவசரப்பட்டு அம்மா பெயரை எடுத்துவிட்டுப் பணத்தை மாற்றாதீர்கள். பின்னால் நர்சிங் ஹோம் தேவைப்பட்டால் ஐந்து வருடப் பரிமாற்றக் கணக்கைக் கேட்பார்கள், அப்போது இது பரிசாகக் கொடுத்தது போலத் தெரியும். ஊரில் அவர் பெயரில் மனை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்தச் சம்பளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பிரிவில் பிள்ளையின் வருமானம் குடியுரிமை பெற்ற தாயின் கணக்கில் சேராது.

படிவம் திரும்பாமல் காப்பீடு நின்றவர்களுக்கு, நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே பார்க்க வேண்டும் என்ற விதி பல பிரிவுகளுக்கு உண்டு. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, அதனால் புது விண்ணப்பம்தான். போடும்போது ஒரு பெட்டியை மறக்காமல் டிக் செய்யுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் கட்டாத மருத்துவ பில் இருக்கிறதா என்று கேட்கும் பெட்டி. அந்த மாதங்களிலும் தகுதி இருந்திருந்தால் மெடிக்கெய்டு பின்னோக்கிப் போய்க் கட்டும், மாநிலம் விலக்கு வாங்கியிருந்தால் ஒழிய. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2027 ஜனவரி முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இந்த மூன்று மாதம் சுருங்குகிறது. விரிவாக்கப் பிரிவினருக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு. எனவே பில் கையில் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

போனில் போட்டால் அலுவலர் கடைசியில் ஒரு விண்ணப்ப எண் சொல்வார். அதையும் தேதியையும் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வைக்கும் முன், "எங்கள் முகவரி உங்கள் திரையில் என்னவாக இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு இன்னும் 2020-ல் இருந்த அபார்ட்மென்ட் எண்தான் இருக்கும்.